மூன்று மடிப்பில் ஒரு வினைச்சொல்

ஒரு நாத்தனார் தன் அண்ணியைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தால், உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். இந்தக் கதையை வேறு யாரிடம் விட்டாலும் தப்பும் தவறுமாக எழுதிவைப்பார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். உருளை இஸ்திரியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை. கைகளைச் சேர்த்தால் முதல் மடிப்பு. மறுபடி சேர்த்தால் இரண்டாவது. பிறகு ஒருத்தி எதிரே நடந்து வந்து தன் முனைகளை மற்றவள் கையில் கொடுத்தால் மூன்றாவது. அண்ணி மடித்ததில் சுருக்கம் பார்த்தவர் கிடையாது. பிரிவில் அவளுக்கு ‘மடிப்பக்கா’ என்றுதான் பெயர்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. யாருக்கு லீவு, எந்த இயந்திரம் மக்கர் பண்ணுகிறது, சோப்புத்தூள் எப்போது தீரும், எல்லாம் அண்ணி தலையில்தான். ஆனால் பதவி மட்டும் கிடைக்கவில்லை. மேல் மாடியில் வேலை செய்பவர்கள் பத்து ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு பேச ஆங்கிலம் வேண்டும், நேர்காணலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். முதல் தடவை அண்ணி வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை “யெஸ்டர்டே ஐ டிட் வென்ட்” என்றாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அன்றைக்குக் கீழே வந்து ஓடிக்கொண்டிருந்த பெரிய துணி உலர்த்தியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அந்தச் சத்தத்தில் அழுவது யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். எனக்குக் கேட்டது.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம். அதிலும் தவறினால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். “வர்றவளுக்கு நானே எல்லா வேலையும் சொல்லிக்குடுத்து, அப்புறம் அவகிட்டயே திட்டு வாங்கணுமா?” என்றாள் அண்ணி.

அவளுக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. வண்டி வண்டியாகத் தெரியும். காலம்தான் காலை வாரியது. ‘டிட்’ வந்தால் ‘வென்ட்’ ஏன் வரக்கூடாது, ‘ஐ ஆம் நோயிங்’ என்றால் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று வரவேற்பறைப் பெண்ணிலிருந்து லிஃப்ட் பழுதுபார்ப்பவர் வரை எல்லோரையும் கேட்டுத் துளைத்தெடுத்தாள். என் அண்ணன், அதாவது அவள் வீட்டுக்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர். “நான் ‘கம் சார், சிட் சார்’னே இத்தனை வருஷம் ஓட்டலையா? காலத்தையெல்லாம் எவன் பாக்குறான்?” என்றார்.

“உங்க வண்டியில ஏறுறவங்க எறங்கிப் போயிடுவாங்க. என்னை உக்கார வெச்சில்ல கேப்பாங்க!” என்றாள் அண்ணி.

மகளின் பள்ளிப் புத்தகத்திலிருந்த வினைச்சொல் பட்டியலை ஒரு தாளில் எழுதி உருளை இஸ்திரிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அங்கே அடிக்கும் ஆவியில் மை கரைந்து வழிந்துவிட்டது. மனப்பாடம் பண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒருநாள் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி “கோ… கோ…” என்று முணுமுணுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டாள். எனக்கோ கை பொசுங்குகிறது.

“போறதுன்னா போங்க அண்ணி, நட்டநடுவுல நிக்காதீங்க!” என்று கத்தினேன்.

அவள் திடுக்கிட்டுக் கைகளைச் சேர்த்து “வென்ட்” என்றாள். என்னை நோக்கி நடந்து வந்து முனைகளை என் கையில் வைத்து “கான்” என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒரு விரிப்புக்கு ஒரு வினைச்சொல் என்றானது. முதல் மடிப்பில் கிவ், இரண்டாவதில் கேவ், நடந்து வந்து கொடுக்கும்போது கிவன். தப்பாகச் சொன்னால் விரிப்பை உதறிப் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டும், அதுதான் தண்டனை. தலையணை உறைகளுக்கு ‘கட்’டும் ‘புட்’டும். மூன்று இடத்திலும் ஒரே உருவம். “சோம்பேறிப் பயலுங்க, சட்டையே மாத்த மாட்டானுங்க” என்று அண்ணி அவற்றைச் செல்லமாகத் திட்டுவாள். ‘ஹேவ்’ எங்கே வரும் என்பதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். துவைத்தது இதோ அலமாரியில் இருந்தால் ‘ஹேவ்’. நேற்றே துவைத்து மேலே அனுப்பியாகிவிட்டது என்றால் ‘ஹேவ்’வைத் தொடாதே.

ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் மடிக்க விடவில்லை. “‘வின்’ இப்ப வேண்டாம். ஜெயிச்சப்புறம் மடிச்சுக்கலாம்” என்றாள். மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்தேன். ஆனால் நானும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

நேர்காணல் மேல் மாடியில், சின்ன உணவுக்கூடத்தில். மதியத்துக்கான மேஜை விரிப்புகளை மேலே கொண்டுபோகும் வேலையை நான் வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தள்ளுவண்டியைக் கதவில் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். கதவு மூடவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன்.

உள்ளே எங்கள் மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவும். பேச்செல்லாம் ஆங்கிலம். பெயர், வேலை என்று ஆரம்பக் கேள்விகளை அண்ணி சமாளித்துவிட்டாள். பிறகு அந்த அம்மா, அண்மையில் தீர்த்துவைத்த ஒரு சிக்கலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். பதில் முழுக்க நடந்துமுடிந்த கதை, ஒவ்வொரு சொல்லிலும் காலம் காத்திருந்தது. அண்ணியின் கைகள் மடியில் சும்மா கிடந்தன. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மேலாளர் தாளைப் புரட்டினார்.

அண்ணி எழுந்தாள். கதவை நோக்கி வந்தாள். போச்சு, கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தள்ளுவண்டியிலிருந்து இருப்பதிலேயே பெரிய மேஜை விரிப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய், உதறி விரித்து, இரண்டு முனைகளை அந்த அம்மாவிடம் நீட்டினாள்.

“ப்ளீஸ்” என்றாள்.

அந்த அம்மா எழுந்து வாங்கிக்கொண்டார். நீட்டிய துணியின் முனையை யாரும் வாங்கத்தான் செய்வார்கள்.

கை சேர்ந்ததும் வாய் திறந்துகொண்டது. ஒரு மாநாட்டுக்காக எல்லா அறையும் நிரம்பியிருந்த அன்று, அவள் வேலைக்கு வருவதற்கு முன்பே பெரிய உலர்த்தி பழுதாகியிருந்ததை ‘ஹேட் ப்ரோக்கன்’ என்று பிசகாமல் சொன்னாள். துண்டுகளைச் சின்ன உலர்த்திக்கு மாற்றினாள், விரிப்புகளை மொட்டைமாடியில் கயிறு கட்டிக் காயப்போட்டாள், ஒரு விருந்தினர்கூடக் காத்திருக்கவில்லை. நடுவில் ஓர் இடத்தில் “ஐ டிட் டோல்ட்” என்று வந்துவிட்டது. அண்ணி நின்றாள். துணியை உதறிப் பிரித்தாள். எதிரே நின்றவரையும் பிரிக்க வைத்தாள். முதலிலிருந்து மடித்து “ஐ டோல்ட்” என்றாள்.

அந்த அம்மா சிரித்தார். எனக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது, உள்ளே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அவர், ஏன் பிரித்தாய் என்று ஆசையாகக் கேட்டார். அண்ணி தண்டனையை விளக்கினாள். மேலாளரும் எழுந்து வந்தார். இன்னொரு விரிப்பு எடுக்கச் சொல்லி, ‘ஸ்பீக்’ என்று தானே ஆரம்பித்துவைத்தார். அதை மடித்து முடிப்பதற்குள் அண்ணி, மேலாளர் பிடித்த பக்கம் கோணலாக இருக்கிறது என்று ஆங்கிலத்திலேயே திருத்திவிட்டாள். மேலாளரும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசியில் அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது எதற்கென்று விளக்கம் தேவைப்படவில்லை.

அண்ணியும் நானும் லிஃப்டில் கீழே இறங்கினோம். சலவைப் பிரிவுக்குள் நுழைந்ததும் அண்ணி நேரே உருளை இஸ்திரிக்குப் போனாள். வெளியே வந்துகொண்டிருந்த விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வா.”

என் முனைகளை எடுத்தேன். அவள் கைகளைச் சேர்த்தாள்.

“வின்” என்றாள்.

பிரிவில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

“வன்” என்றேன்.

மூன்றாவதைச் சொல்லிக்கொண்டே அண்ணி நடந்து வந்தாள். முனைகளைக் கொடுப்பதற்குப் பதில் விரிப்போடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். உலர்த்தி ஓடாத நேரம் அது. இந்தத் தடவை அவள் அழுதது எல்லோருக்கும் கேட்டது. அந்த விரிப்பு கசங்கி மறுபடி இஸ்திரிக்குப் போனது. புது மேற்பார்வையாளர் யாரையும் திட்டவில்லை.