சின்னதுரை அளந்த கூப்பிடு தூரம்

சின்னசேலத்தில் சின்னதுரை ஒரு தும்மல் போட்டால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். குரல் அப்படி. இதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறவர் வேறு யாருமில்லை, சின்னதுரையேதான்.

வயது நாற்பத்து நாலு. மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனார். அவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சண்டை ஒன்றுமில்லை, ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நிலம் என்று பார்த்தால், வெட்டாத நகத்துக்குள் எவ்வளவு மண் இருக்குமோ அவ்வளவு அவருக்குச் சொந்தம். இருபது வருஷம் கரும்பு வெட்டினார். தோகை கிழித்த கோடுகள் இரண்டு கையிலும் தோள்வரைக்கும் இருக்கின்றன. "சாமி எனக்குக் கையிலயே கோடு போட்ட நோட்டு குடுத்துட்டாரு. எழுதத்தான் கத்துக்கல" என்பார்.

முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரங்கநாதன் கடையில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் மாட்டும் பிட்டராகச் சேர்ந்தார். ஓஸ் இழுக்க வேண்டும், பஞ்ச் வைத்து ஓட்டை போட வேண்டும், ஓட்டையில் தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர் மாட்ட வேண்டும். நிழலில் உட்கார்ந்தும் செய்யலாம். கரும்புக் காட்டோடு பார்த்தால் இது மாமியார் வீட்டு விருந்து.

ஒரே ஒரு குறை. சின்னதுரை டேப் எடுத்துப் போக மாட்டார். கண்ணாலேயே அளப்பார். மணலூர்பேட்டையில் ஒரு தென்னந்தோப்பைக் கண்ணால் அளந்தார். கடைசி இரண்டு மரத்துக்கு ஓஸ் எட்டவில்லை. எலவனாசூர்கோட்டையில் கத்தரிக் கொல்லையை அளந்தார். பாதிக் கத்தரி தண்ணீர் குடித்தது, மீதி வேடிக்கை பார்த்தது.

இரண்டாவது தடவை அரங்கநாதன் சத்தம் போடவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"துரை, இன்னொரு வாட்டி ஓஸ் பத்தலன்னு திரும்பி வந்தியினா, அப்படியே கரும்புக் காட்டுக்குப் போயிடு. கொடுவா எங்க வச்சிருக்க?"

"பரண் மேல."

"தொடச்சு வை."

சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று சின்னதுரைக்குத் தோன்றியது.

அடுத்த வாரமே கல்வராயன் மலையிலிருந்து போன் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேசியது ராணியம்மாள். சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி நின்றுகொண்டு பேசினாள். பன்னிரண்டு வரிசை தக்காளி, வரிசைக்கு இருபது நாற்று, வரிசை நாற்பதடி நீளம். மேட்டில் ஊற்று இருக்கிறது. குடத்தில் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது.

"ஊத்துக்கும் தோட்டத்துக்கும் எவ்ளோ தூரங்க?" என்று சின்னதுரை கேட்டார்.

"ஒரு கூப்பிடு தூரந்தாங்க."

அதற்கு மேல் என்ன கேட்பது? தெருமுனையில் நின்று சின்னதுரை கூப்பிட்டால், வீட்டில் இருக்கிற மனைவி செவ்வந்திக்குக் கேட்கும். அது முந்நூறு அடி. அவர் குரலுக்கே முந்நூறு என்றால் மற்றவர் குரலுக்கு இன்னும் கம்மிதான். ஊற்றிலிருந்து தோட்டத்துக்கு முந்நூறு அடி ஓஸ் என்றே கடை நோட்டில் எழுதச் சொன்னார். தாராளமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு.

காலையில் சோற்றைக் கட்டிக் கொடுத்த செவ்வந்தி கேட்டாள். "டேப்பு எடுத்துக்கினியா?"

"கண்ணு ரெண்டையும் எடுத்துக்கினேன்."

"கொடுவாள எடுத்து வெளிய வைக்கட்டுமா?"

சின்னதுரை பஸ் ஏறினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸின் வாலை பஸ்ஸே முகர்ந்து பார்த்தது. பத்து மணிக்கு ஊர் வந்தது. திரும்பிப் போக ஒரே பஸ், அதுவும் ஐந்து மணிக்கு.

வாசலில் ராணியம்மாளின் கணவர் மாதன் காத்திருந்தார். சுருள் சுருளாகக் குழாயைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"டிரிப்ஸ் போடற ஆளு நீங்கதானே? மூணு நாளா ஒடம்பு அசதி. எனக்கு மொதல்ல ஒரு பாட்டில் ஏத்திடுங்க."

"அது ஆஸ்பத்திரி டிரிப்ஸ்" என்றாள் ராணியம்மாள். "இது தக்காளிக்கு."

"தக்காளிக்கு ஏத்தி மிஞ்சினா?"

"மிஞ்சினா ஆட்டுக்கு. அதுக்கப்புறம் நீ."

தோட்டத்தில் நின்று பார்த்தால் எதிர் மேட்டில் ஊற்று பளபளத்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். சின்னதுரை தெம்பாக ஊற்றுக்குப் போய், வடிகட்டியும் வால்வும் மாட்டி, தடித்த கருப்பு ஓஸை உருட்டிக்கொண்டு இறங்கினார். மாதன் ஊற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அசதியாயிற்றே.

பள்ளத்தின் அடியில் ஒரு பலாமரம். ஓஸ் அதன் வேர்வரைக்கும் வந்து நின்றது. சின்னதுரை இழுத்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். சுருளுக்குள் எங்காவது ஒளிந்துகொண்டிருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார். இல்லை. அங்கிருந்து தோட்டம் வரைக்கும், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து எண்ணினார். இருநூற்று இருபது.

"இன்னாக்கா இது" என்று மூச்சு வாங்கியபடி ராணியம்மாளிடம் போய் நின்றார். "கூப்பிடு தூரம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. இன்னா இப்போ?"

"இதுவா கூப்பிடு தூரம்?"

ராணியம்மாள் எதிர் மேட்டைப் பார்த்துத் திரும்பி, பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, "ஏங்க" என்றாள்.

"இன்னா?" என்றது ஊற்று. மாதனின் கொட்டாவிகூடத் தெளிவாகக் கேட்டது.

"வெத்தல தீந்துபோச்சா?"

"ரெண்டு கீது."

ராணியம்மாள் சின்னதுரையைப் பார்த்தாள். "கேட்டுச்சா? கீழ்நாட்டுல நீங்க பஸ்ஸோட, டிராக்டரோட, ரேடியா செட்டோட சண்ட போட்டுக்கினு கூப்பிடறீங்க. அதான் தெருவுலயே தீந்துபோவுது. இங்க சண்டைக்கு யாரும் இல்ல."

சின்னதுரை அந்த இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முதுகில் பழைய வலி எழுந்து வந்து நலம் விசாரித்தது. பரண் மேலிருக்கிற கொடுவாள் தானே இறங்கி வந்து வாசலில் நிற்பதாகத் தோன்றியது. மூன்றாவது தடவை. அரங்கநாதன் இப்போதும் சத்தம் போட மாட்டார். அதுதான் கொடுமை.

"சாப்பிடுங்க தம்பி. சாமைச் சோறு" என்று தட்டை வைத்தாள் ராணியம்மாள். "மூஞ்சி இன்னாத்துக்கு இப்படி வாடிக் கீது? தக்காளியே தேவல."

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நான் ஒரு வார்த்த ஜாஸ்தியா சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீங்க ஒரு வார்த்த ஜாஸ்தியா கேட்டிருக்கலாம்."

அவர்கள் ஆடு எதிரில் வந்து நின்றது. எங்கிருந்தோ இரண்டு குட்டிகள் பாய்ந்து வந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒரே மடியில் முட்டி முட்டிக் குடித்தன. ஆடு பாட்டுக்கு நின்று அசை போட்டது. சின்னதுரையின் கை சோற்றிலேயே நின்றது.

"அக்கா, ஒரு ஆட்டுக்கு ரெண்டு குட்டி."

"ஆமா. அதுக்கு இன்னா?"

"வரிசைக்கு ஒரு ஓஸ் எதுக்கு? ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒண்ணு போட்டா போதும். இந்தப் பக்கம் ஒரு குட்டி, அந்தப் பக்கம் ஒரு குட்டி."

கை கழுவக்கூட மறந்து எழுந்தார். செடி வரிசையில் போடுவதற்கென்று சன்ன ஓஸ் நானூற்று எண்பது அடி கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு வரிசைக்கும் ஆறே ஓஸ் என்றால் பாதி மிச்சம், இருநூற்று நாற்பது. பலாமரத்திலிருந்து தோட்டத்துக்கு வேண்டியது இருநூற்று இருபது. தடித்த ஓஸின் நுனியில் சன்ன ஓஸைச் சேர்த்துவிட்டால் வந்து சேர்ந்துவிடும். ஊற்று தோட்டத்தைவிட உயரம், பள்ளத்தில் இறங்கிய தண்ணீர் தானே மேலேறிவிடும், அதைத் தள்ளிவிட மோட்டார் வேண்டாம்.

ஓஸிலிருந்து செடிவரைக்கும் போக மெல்லிய குழாய் வேண்டும். கடையில் அதற்கு மைக்ரோ டியூப் என்று பேர். சின்னதுரை வைத்த பேர் சேமியா. போன மாதம் ஒரு பூந்தொட்டி வேலையில் மிஞ்சிய ஒரு பெரிய கட்டு அவர் பையின் அடியில் கிடந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்த தக்காளிச் செடிகள் பயந்திருக்கும். இருநூற்று நாற்பது ஓட்டை. பஞ்ச் வைத்து ஒரு அமுக்கு, ஒரு திருகு, சேமியாவைச் செருகு, நுனியில் டிரிப்பரை மாட்டு. ராணியம்மாள் சேமியாவை ஒன்றரை அடி ஒன்றரை அடியாக வெட்டிக் கொடுத்தாள். தோட்டத்தின் தலைமாட்டில் ஒரு குறுக்குக் குழாய், அதிலிருந்து ஆறு ஓஸ். சூட்டில் விறைத்த குழாய் வளைய மறுத்தபோது, "கரும்பயே வளைச்சவன்டா நான்" என்று அதட்டினார். கடைசி முனைகளை மடக்கி, எட்டு வடிவ வளையத்தில் செருகி அடைத்தபோது மணி நாலேகால்.

ஊற்றுக்கு ஓடினார். வால்வைத் திறந்துவிட்டுத் தொண்டையைத் திறந்தார்.

"அக்கா, வருதா?"

மரத்திலிருந்த குருவியெல்லாம் பக்கத்து மலைக்குக் குடிபோனது. ஆடு குட்டிகளோடு வீட்டுக்குள் ஓடியது.

"கத்தாதீங்க தம்பி, காது வலிக்குது" என்று எதிர் மேட்டிலிருந்து சாதாரணமாக வந்தது குரல். "புஸ்ஸுனு காத்துதான் வருது."

சின்னதுரை வால்வைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் மாதன் வெற்றிலை மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மொத வரிசை சொட்டுது."

"கடேசி வரிசை?" இந்தத் தடவை மெதுவாகவே கேட்டார். போய்ச் சேர்ந்தது.

"அங்கதான் குந்திக்கினு இருக்கறேன். இருங்க." பிறகு, "கடேசிச் செடியும் சொட்டுது தம்பி. டக், டக்னு."

மாதன் எழுந்து பள்ளத்தில் இறங்கி ஏறித் தோட்டத்துக்குப் போய், ஒரு டிரிப்பருக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தி, நிரம்பும்வரைக்கும் பொறுமையாக இருந்து குடித்தார். அசதி போய்விட்டதாக அறிவித்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போது வழியில் இரண்டு வீட்டுக்காரர்கள் சின்னதுரையை நிறுத்தி, எங்களுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள்.

மறுநாள் காலை அரங்கநாதன் தலை நிமிராமல் கேட்டார்.

"ஓஸ் பத்துச்சா?"

சின்னதுரை இருபது அடி சன்ன ஓஸை மேசை மேல் வைத்தார். "மிச்சம்."

அரங்கநாதன் நிமிர்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நடந்ததை முழுக்கக் கேட்டு, கண்ணில் தண்ணீர் கடைசிச் செடியின் டிரிப்பரைவிட ஜாஸ்தியாகச் சொட்டச் சிரித்தார்.

"மலை மேல இன்னும் ரெண்டு வூட்டுல கேக்கறாங்களாமே. ஊத்து எவ்ளோ தூரமாம்?"

"கூப்பிடு தூரந்தானாம்."

சின்னதுரை ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். வாசல்வரைக்கும் போனவர் திரும்பினார்.

"நோட்டுல எழுதிக்குங்க மொதலாளி. கீழ்நாட்டுக் கூப்பிடு முந்நூறு. மலைக் கூப்பிடு ஐந்நூத்தி இருவது. ராணியம்மா கூப்பிட்டா தனி ரேட்டு."