அம்மன் கோயில் வளைவுக்கு முன்னால்

எங்கள் சமுதாய வானொலிக்கு ஆதரவு தருகிறவர்கள் சென்னையிலிருந்து ஒரு புது நிகழ்ச்சிக்குத் தலைப்பு அனுப்பியிருந்தார்கள்: கலை, அடையாளம், அந்நியரிடம் அன்பு. அரை மணி நேரத்துக்குள் மூன்றும் வர வேண்டும். நடுவில் திராட்சை விலையும் வாழைத்தார் விலையும் சொல்லியாக வேண்டும். உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா என்று கேட்டேன். கேட்ட வாய்க்குத் தண்டனையாக நிகழ்ச்சியை என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

'ஏறிக்கோங்க' என்று பெயர் வைத்தேன். விடிந்தும் விடியாமல் கம்பத்தில் ஜீப் டிரைவர்கள் கத்துகிற சொல் அதுதான். கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை அள்ளிப்போட்டுக்கொண்டு அந்த ஜீப்புகள் மலையேறும் நேரத்தில்தான் எங்கள் நிகழ்ச்சியும் தொடங்கும். எங்கள் அலைவரிசைக்கு எட்டுகிற தூரம் கொஞ்சம். மலைச்சாலையில் அம்மன் கோயில் வளைவு தாண்டிவிட்டால் எங்கள் குரல் அடங்கிவிடும், அதற்கு மேல் மலையாளப் பாட்டுத்தான். உள்ளூர்க்காரர்களின் பாட்டும் பலகுரலும் விடுகதையும் வளைவுக்கு முன்னால் முடிந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் செய்த உதவியைப் பற்றி நேயர்கள் பேசும் பகுதி பிற்பாடுதான் வரும். ஆக, அன்பைப் பற்றி நாங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அந்த ஜீப்புகளுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

மலையடிவாரத்தில், லோயர் கேம்பில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி உண்டு. நிகழ்ச்சிக்கு அடிக்கடி போன் போட்டுப் பேசிப் பழக்கமானவள். ஒருநாள் அவள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் நிலையத்தின் மாடிப்படி ஏறி வந்தாள்.

"தாயி, இந்தக்காவ ரேடியோவுல பேச விடு. கேட்டுட்டு யாராச்சும் இன்னாருன்னு சொல்லட்டும்."

போன மழைக்காலத்தில் நனைந்துகொண்டே ரோட்டில் நடந்து வந்தவராம். கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கியவர், மழை விட்ட பிறகும் எழுந்து போகவில்லை. அன்றிலிருந்து கடையில் கிளாஸ் கழுவுகிறார், கடைக்குப் பின்னாலேயே படுத்துக்கொள்கிறார். ஊர் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. எல்லையோரத்தில் உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் சொந்தம் கொண்டாடத் தோன்றாது. கீழே இருப்பவர்கள் மேலேயிருந்து வந்தவர் என்றார்கள். மேலே கேரளா செக்போஸ்ட்டில் கேட்டால், பேச்சு தமிழ்நாட்டுப் பேச்சு, கீழேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வைத்துக்கொண்டவள் டீக்கடை அக்கா மட்டும்தான்.

நான் அந்த அம்மாவை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"உங்க பேரு என்னக்கா?"

"கூப்புடுவாக."

"என்னன்னு கூப்புடுவாக?"

"சாப்புட வான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரைக் கேட்டேன், பிள்ளைகளைக் கேட்டேன். எதற்கும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, யாரோ பின்னாலிருந்து பதில் சொல்லித் தருவார்கள் என்பதுபோலக் காத்திருந்தார். கடைசியில் நான் கேட்காமலேயே பாட ஆரம்பித்தார். தாலாட்டு.

மேகமலை மேல மழ, மெத்தையில என் மகராசி, ஆத்துத் தண்ணி வந்திருச்சு, அசையாம நீ தூங்கு. இப்படிப் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு, பா... பா... பா... என்று கோழியைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ராகத்தைப் பிடித்துக்கொண்டார். பதிவு செய்துகொண்டிருந்த பையன் பாட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து என்னைப் பார்த்தான். மறுபடி பாடச் சொன்னோம். அதே இடத்தில், அதே கோழி.

வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினோம். "இந்தக் குரலை உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள்" என்று நான் உருக்கமாகச் சொன்னேன். போன்கள் வந்தன. ஒருவர் சினிமாப் பாட்டு கேட்டார். ஒருவர் அந்தக் கோழி நாட்டுக்கோழியா என்று கேட்டுச் சிரித்தார். ஒரு பெரிய மனிதர் மிகுந்த மரியாதையோடு, "அந்தம்மா என்ன ஆளுகன்னு சொன்னீகன்னா, நம்ம பக்கமுன்னா ஏதாச்சும் ஏற்பாடு பண்ணலாம்" என்றார். அடையாளம் என்று தலைப்பில் எழுதி அனுப்பியவர்கள் இதைத்தான் எதிர்பார்த்தார்களோ என்னவோ. சாதி கேட்டவரின் இணைப்பை நான் துண்டித்துவிட்டேன். டீக்கடை அக்காவிடம் சொன்னபோது அவள் பாலை ஆற்றிக்கொண்டே, "நான் என்ன, ஆளு கேட்டுட்டா டீ ஊத்துறேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அந்த அம்மாவைக் கூட்டி வந்து புதிதாகப் பாட வைத்துப் போட்டோம். ஜீப்புகளில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கோழி கூப்பிடுகிறார்கள் என்று டிரைவர்கள் சொன்னார்கள். பாட்டு ஊரெல்லாம் தெரிந்தது, பாடியவரைத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை படியேறி வந்ததும் அவர் என்னிடம் கேட்பார்: "யாரும் வந்தாகளா?" இல்லை என்பேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்பார். பேரையும் ஊரையும் தொலைத்தவர் இந்தக் கேள்வியை மட்டும் எப்படியோ தொலைக்காமல் வைத்திருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, ஏலக்காய் எடுத்த விரல்களில் கறை. மலையிலிருந்து இறங்கிய ஜீப்பிலிருந்து நேரே வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அந்தக் கோழிப் பாட்டு போடுறது நீங்கதானாக்கா?"

ஆமாம் என்றேன்.

"தூங்க வைக்கிற பாட்டுல எந்தக் கிறுக்கச்சியாச்சும் கோழியக் கூப்புடுவாளா? எங்கம்மாதான் கூப்புடும். நான் தூங்காம சிரிப்பேனாம். அதுக்காகவே கூப்புடும்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உட்காரச் சொன்னேன், டீக்கடை அக்காவுக்குப் போன் போடக் கையை நீட்டினேன். அவள் எட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. எங்கம்மாவுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு."

அப்பா போன பிறகு அம்மாவுக்குப் புத்தி நிலையில்லாமல் போனதாம். அடிக்கடி எங்கேயாவது நடந்துவிடும், தேடிக் கூட்டி வருவார்கள். ஒரு தடவை போனது கிடைக்கவில்லை. வருசநாட்டுப் பக்கமெல்லாம் தேடியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் தங்கைக்கு வரன் அமைந்தது. தாய் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் பெண் எடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்க, பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மாவின் சேலை ஒன்றை வைத்துச் சுருளி அருவிக்கரையில் காரியம் செய்துவிட்டார்கள்.

"எனக்கு மனசே இல்ல. சோத்த வச்சா காக்கா எடுக்காது, எடுக்கலைன்னா அம்மா உசுரோட இருக்குன்னு சொல்லிரலாம்னு பாத்துக்கிட்டே நின்னேன். வச்ச ஒடனே வந்து எடுத்துருச்சுக்கா. எல்லாரும் அழுதாக. நானும் அழுதேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சுருளியில் சோற்றுக்குக் காத்திருக்கிற காக்காய்க்கு உன் அம்மா யார், என் அம்மா யார் என்று தெரியுமா? காக்காயின் சாட்சி செல்லும், பெற்றவளின் குரல் செல்லாதா? சத்தமாகவே கேட்டேன். அவள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"தங்கச்சி மாசமா இருக்கா. காரியம் முடிஞ்ச ஆளு திரும்பி வாசல் மிதிச்சா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதும்பாக. அவுக வீட்டுல அவளக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாக. என் மாமியாரும் ஏத்துக்க மாட்டாக. நான் எங்கன கொண்டு போய் வப்பேன், சொல்லுங்க?"

"வீட்டுக்குக் கூட்டிப் போக வேணாம். வந்து பாத்துட்டாவது போ. லோயர் கேம்ப் என்ன, சீமையிலயா இருக்கு?"

"பாத்துட்டா விட்டுட்டு வர முடியாதுக்கா. அதான் வரல."

 அவள் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் வெளியே போகாமலிருக்க நாங்கள் ஒட்டியவை அவை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தான் எதற்காக வந்தாளோ அதைச் சொன்னாள்.

"தெரிஞ்சவுக கூப்புடுங்கன்னு சொல்லாதீகக்கா. தங்கச்சி வீட்டுலயும் ரேடியோ கேப்பாக. பாட்ட மட்டும் போடுங்க. நிறுத்திராதீக. போன வாரம் வெலையெல்லாம் சொல்லிட்டுப் போட்டீகளா, பாதியில வளைவு வந்து அத்துப் போச்சு. அம்மன் கோயிலு வளைவுக்கு முன்னாடியே போட்டுருங்க."

போட்டுவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். கலை, அடையாளம், அன்பு, மூன்றையும் சேர்த்து ஒரு பெண்ணுக்கு நாங்கள் செய்ய முடிந்தது, பாட்டை விலைக்கு முன்னால் நகர்த்தி வைத்ததுதான். எரிச்சலாக இருந்தது. இன்றும் இருக்கிறது. டீக்கடை அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் கழுவின கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே, "இங்கனயே இருக்கட்டும், எனக்கும் ஆளு வேணும்" என்றாள்.

அடுத்த வாரம் அந்த அம்மா வழக்கம்போல எங்கள் பையனோடு படியேறி வந்தார். டீக்கடை அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, பூ வைத்து அனுப்பியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் வந்தாகளா?"

அந்தப் பெண் நின்ற வாசல் அவருக்கு நேர் எதிரே திறந்து கிடந்தது.

"இல்லக்கா. யாரும் வரல."

இத்தனை வாரமும் "சரி" என்று விட்டவர், அன்று என்ன தோன்றியதோ, கிளாஸ் கழுவிக் கழுவிச் சுருங்கிய கையால் என் கன்னத்தைத் தடவினார்.

"வருவாக தாயி. பஸ்ஸு கெடைச்சிருக்காது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.