பூட்ஸில் போன காப்பு மஞ்சள்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவது எங்கள் வீட்டு மஞ்சளில்தான். ஒரு விரலி மஞ்சளை மூன்று நாள் அரிசிக்குள் வைத்துக் கும்பிட்டு, நான் தட்டில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். நான் போய்ச் சேராமல் பூசாரி நூலைக்கூடத் தொட மாட்டார். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் என்ன இருக்கிறது?

காப்புக் கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள், திருவிழா முடிகிற வரை எட்டு நாளும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. அதற்கு முன்னால் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டவர்களை இது கட்டுப்படுத்தாது. எங்கள் ஊர்ச் சட்டம் இவ்வளவுதான்.

என் மருமகள் கால்பந்து ஆடுகிறவள். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. பெண் பார்க்கப் போன அன்று காபித் தட்டை நீட்டிய கையில் முழங்கை வரை சிராய்ப்பு. எந்த இடத்தில் நின்று ஆடுவாய் என்று கேட்டேன். முன்னால், கோல் போடுகிற இடத்தில் என்றாள். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. பின்னால் நிற்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் என் மகன் போட்டோ பார்த்துச் சரி என்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் நன்றாக ஆடினாள். பிறகு முழங்காலுக்குள் நார் அறுந்து ஆபரேஷன். ஒரு சீசன் முழுக்க வீட்டில் கிடந்தாள். என் கொழுந்தனார்தான் ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலகாரர். வரும்போதெல்லாம் அவள் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இனிமேல் ஆடு மாட்டைப் பார்க்கட்டும் என்பார். கால் தேறிய பிறகு, சாயங்காலமானால் பந்தோடு வெறுங்காலிலேயே வறண்ட கண்மாய்க்குப் போய்விடுவாள்.

போன வருடம் காப்பு அன்றைக்கும் போயிருந்தாள். அவள் போன் வீட்டில் அடித்தது. எடுத்தால் கேரளத்திலிருந்து அவள் கோச் அம்மா. அணியில் ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டதாம். நாளைக் காலையில் இவள் மைதானத்தில் நின்றால் அந்த இடம் இவளுக்கு. இல்லையென்றால் வேறு ஒருத்தியை எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடமும் போச்சு. கட்டாயம் வருவாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோயில் மேளம் காதில் விழுந்தது.

திருச்சியில் கேரள ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தரை டவுன் பஸ்ஸை விடக் கூடாது. அரை மணி நேரம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கண்மாய்க்கு ஓடச் சொன்னேன். அதற்குள் வாசலில் கொழுந்தனாரின் செருப்புச் சத்தம். என் கையில் தட்டு, தட்டில் மஞ்சள். கதவோரம் மருமகளின் பூட்ஸ் கிடந்தது. மஞ்சளை எடுத்து அதற்குள் போட்டுவிட்டேன்.

"என்ன மதினி, ஆத்தா அங்க காத்துக்கிட்டு இருக்கா. நீங்க வெறுந்தட்ட வச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மஞ்சளக் காணோம்."

"மூணு நாளா அதுக்குக் காவ இருந்தீங்களே."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும். பரண் மேல ஏறிப் பாருங்க, நீங்கதான் எளவட்டமாச்சே."

அறுபத்தெட்டு வயது எளவட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியது. ஏணியில் தூசியாக இருந்ததால் துடைப்பதற்கு எடுத்து அப்பால் வைத்தேன். மேலிருந்து தும்மல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மருமகள் கொல்லை வழியாக வந்தாள். அடுப்படியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"காப்பு, அயித்தே?"

"அது எங்கையில இருக்கு. நீ ஓடு."

போனையும் வாசலில் கிடந்ததையும் பையில் அள்ளிக்கொண்டு ஓடினாள். ஆபரேஷன் செய்த கால் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லைக் கல் திருப்பத்தில் டவுன் பஸ் எப்போதும் ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரை கொழுந்தனாரை எலி தேட வைத்தேன். கேட்டதும் ஏணியைச் சார்த்திவிட்டு, மஞ்சளை எடுக்கக் கதவோரம் குனிந்தேன்.

பூட்ஸ் இல்லை.

மூன்று நாள் கும்பிட்ட மஞ்சள் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு யோசித்தேன். காப்புக் கட்டினால்தானே மஞ்சளுக்கும் கட்டுப்பாடு? அதைத்தான் இன்னும் கட்டவில்லையே. அடுப்படிக்குப் போய், மீமிசல் கடல் மீன் வாங்கிய அன்று மளிகைக் கடையில் வாங்கி, குழம்புக்கு அரைத்தது போக மிச்சமிருந்த மஞ்சளில் ஒன்றை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது என்றேன்.

கொழுந்தனார் தலையெல்லாம் ஒட்டடையோடு தட்டுக்கு மேல் குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"மீன் வாட அடிக்குதே, மதினி."

"வெரதம் இருக்கிறவுகளுக்கு எங்க பாத்தாலும் மீன் வாடதான் அடிக்கும்."

ஒட்டடையைத் தட்டிக்கொண்டே அவர் முன்னால் நடந்தார். ஆறு மணிக்குள் காப்புக் கட்டியாயிற்று. ஆத்தாளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போன். "அயித்தே, பூட்ஸுக்குள்ள கால விட்டா மஞ்ச கெடக்கு." யாரிடமும் காட்டாமல் காலுறைக்குள் சொருகிக்கொள்ளச் சொன்னேன். முதல் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறக்கினார்கள், கோல் விழவில்லை. வெள்ளைக் காலுறையில் மஞ்சளாகக் கறை படிய, அணி டாக்டர் சீழ் என்று பயந்து கழற்றிப் பார்த்தாராம். அடுத்த ஆட்டத்தில் இரண்டு கோல். சீசன் முழுக்க அவள்தான் முன்னால் நின்றாள். அந்த மஞ்சள் இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது.

போன வாரம் கொழுந்தனார் வந்தார். போன வருடத் திருவிழா முடிந்த கையோடு மழை கொட்டியதில் கண்மாய் நிறைந்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"போன வருசக் காப்பு நல்லா நின்னுச்சு, மதினி. இந்த வருசமும் அதே மாதிரி மஞ்சளாக் கொண்டாந்துருங்க."

அதே மளிகைக் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன்.