எரிமலைப் பிள்ளையாரும் ஒரு ஜோடி செருப்பும்

இரண்டு வருடங்களுக்கு முன், குறுவை அறுப்பு முடிந்த கையோடு, நானும் கணவரும் ஜாவா தீவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். எரிமலை உள்ள ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். "மேல பிள்ளையார் இருக்கார், பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கைக்குழந்தையோடு ஜீப்பிலேயே இருந்துகொண்டாள்.

மூச்சு வாங்க நான் முன்னால் ஏறினேன். உச்சியில், புகை கக்கும் பள்ளத்தின் விளிம்பில், அச்சு அசல் நம் பிள்ளையார்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஷூவைக் கழற்றக் குனிந்தேன். அப்போதுதான் பின்னால் வந்த கணவரின் காலைப் பார்த்தேன். வெறுங்கால்! மலைக்கோயிலுக்குப் போவதுபோல முதல் படியிலேயே செருப்பை விட்டுவிட்டாராம்.

எனக்குப் பகீரென்றது. சர்க்கரை வியாதியால் இவர் பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. வயலில் நத்தை ஓடு குத்தியதுகூடத் தெரியாமல், சீழ் வைத்து, ஏற்கெனவே ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. இன்னொரு புண் வந்தால் காலுக்கே ஆபத்து என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது இடது பாதத்தைக் கல் கிழித்து, கறுப்பு மணலோடு ரத்தம்.

"ஒண்ணுமில்ல, வலிக்கவே இல்ல" என்றார்.

"வலிக்கலைங்கறதுதாங்க பயமா இருக்கு!"

அங்கே பூங்கொத்து விற்ற ஓர் அம்மா ஓடிவந்தார். இவரை உட்காரவைத்து, புண்ணைத் தண்ணீரால் கழுவி, தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கட்டினார். கூடவே வாய் ஓயாத திட்டு. பாஷைதான் புரியவில்லையே தவிர, நான் திட்ட வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. பிறகு தன் செருப்பைக் கழற்றி நீட்டினார்.

இவர் காலை இழுத்துக்கொண்டார். "சாமி முன்னாடி செருப்பா? கீழ போய் என்னோடதைப் போட்டுக்கறேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கால் போயிடுச்சுன்னா எந்த வரப்புல நடப்பீங்க?"

அந்த அம்மா இவரையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, ஒரு பூங்கொத்தை எடுத்துப் பிள்ளையார் முன் வைத்துக் கும்பிட்டார். வந்து குனிந்து, இவர் பாதத்தைப் பிடித்து, தானே செருப்பை மாட்டிவிட்டார். இந்த முறை இவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

சின்னச் செருப்பு; குதிகால் வெளியே நின்றது. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அதே கல்லிலும் மணலிலும் அந்த அம்மா வெறுங்காலோடு கீழே வரை வந்தார்.

புண் மெதுவாகத்தான் ஆறியது. ஆனால் கால் பிழைத்தது. இப்போது இவர் வரப்பில்கூடச் செருப்போடுதான் நடக்கிறார். பதற்றத்தில் அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அதனால் எங்கள் தெருமுனைப் பிள்ளையாரிடம் தினமும் முதல் வேண்டுதல் இதுதான்: "அந்த மலையில உன் பக்கத்துல பூ விக்கிறாங்களே, அவங்க கால்ல ஒரு கல்லு குத்தாமப் பாத்துக்கப்பா."