சேணத்தோடு எண்பத்தைந்து கிலோ

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். என் அண்ணன். நான். காரை ஓட்டிவந்த அண்ணனின் மகள். முன்மேசையில் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற, ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். ஆறாவது, செம்மண் நிறத்தில் ஒரு குதிரை. அதையும் ஆள் கணக்கில்தான் சேர்க்கிறேன், ஏனென்றால் அன்று அங்கே தவறு எதுவும் செய்யாதது அது ஒன்றுதான். நடுவில் ஒரு தராசு. அதன்மேல் என் அண்ணன், இரண்டு கைகளிலும் ஒரு சேணத்தை ஏந்தியபடி, கோயிலில் தட்டு ஏந்தி நிற்பவரைப் போல நேராக நின்றுகொண்டிருந்தார்.

என்னதான் நடந்தது என்று யார் கேட்டாலும் நான் இந்தப் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறேன். யாரையும் விட்டுவிடக்கூடாது. என்னையும்தான்.

நான் இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்டவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னத் தகடுகளில் பழுது தேடினேன். வீட்டுக்கு வந்தாலும் கண் பழுதையே தேடும். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, பேருந்து கவிழ்ந்துவிடுமா என்று ஒரு நாளுக்கு நூறு பயம். கணவர் போன பிறகு ஆயர் ஈத்தாமில் அண்ணனின் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டேன். அண்ணியும் அதற்கு முன்பே போயிருந்தார். அண்ணன் மகளுக்குச் செபராங் ஜெயாவில் அலுவலக வேலை, வீடும் அங்கேயே. ஆக இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சாப்பிடுவார், நான் பயப்படுவேன்.

அவர் அப்படிச் சாப்பிட ஆரம்பித்த நாள் எனக்குத் தெரியும். அவருக்கு இருபத்திரண்டு வயது. பந்தயத் திடலில் விடியற்காலையில் குதிரைகளை ஓட்டிப் பழக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கி ஆகிவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஒரு நாள் அவரையும் தராசில் ஏற்றினார்கள். பந்தயத்தில் ஆளை மட்டும் நிறுப்பதில்லை, சேணத்தையும் கையில் கொடுத்து இரண்டையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். ஒன்றரைக் கிலோ கூடுதல். முந்தைய இரண்டு நாள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தும் ஒன்றரைக் கிலோ கூடுதல். அங்கிருந்த பெரிய ஆள் தராசைக்கூட சரியாகப் பார்க்காமல், "நீ லாரிக்குப் போடா, அதுதான் உன் எடையத் தாங்கும்" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அண்ணன் வீட்டுக்கு வந்து, பானையில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டார். நான் சின்னப் பெண், போடப்போடப் பயந்துகொண்டே போட்டேன். கடைசியில் அடிப்பானையைச் சுரண்டினேன். அடுத்த மாதம் லாரிக்குத்தான் போனார். முப்பத்தைந்து வருடம் ஓட்டினார்.

ஐம்பத்தொன்பதாவது வயதில், நூற்று நான்கு கிலோவில், இனிப்பு நீர் வியாதிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒரு காலை இட்லியைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் மறுபடி குதிர ஏறப் போறேன்" என்றார். தாசேக் கெலுகோர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், காசு கட்டினால் யாரையும் குதிரையில் ஏற்றும் லாயம் ஒன்று இருப்பதை மகளின் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை, எடை எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கல்யாண வீட்டில், வாயில் பிரியாணியோடு, மாப்பிள்ளை முறையாகும் ஒருவன், "மாமா, அந்தக் குதிரைக்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?" என்று கேட்டான். மேசையே குலுங்கியது. "எதுக்கு லா இந்த வயசுல? ஜிம்முக்குப் போங்க, ஏசி இருக்கும்" என்றார் இன்னொருவர். அண்ணன் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கொழுத்த மனிதன் தன்னைப் பற்றிய கேலிக்குத் தானே முதலில் சிரிக்கவேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

எட்டு மாதம். சோறு ஒரு சின்னக் கிண்ணம், அதுவும் மதியம் மட்டும். ரொட்டி சானாய்க் கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "வாசனையிலயும் கலோரி இருக்கு" என்பார். தேநீரில் பால்மாவு போயிற்று, சீனி போயிற்று, கடைசியில் தேநீரே போயிற்று. நானும் அவரோடு வெந்தயக்கீரையும் அவித்த மீனும் தின்றேன். தினமும் காலையில் குளியலறை வாசலில் இருக்கும் தராசில் ஏறி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மார்கழி முடிவதற்குள் முள் எண்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. முகம் தெளிந்து, படியேறினால் மூச்சு வாங்காமல், பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும்.

மறுநாள் காலை பார்த்தால், ஒரு துணிப்பையில் ஐந்து கிலோ அரிசியையும் இரண்டு பொட்டலம் சீனியையும் போட்டு, அதைக் கையில் ஏந்திக்கொண்டு தராசில் நிற்கிறார். முள் தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"என்னா அண்ணே இது?"

"குதிர சேடல் ஏழு கிலோ இருக்கும். அதோட சேத்துத்தான் நிறுப்பான்."

"இது ரேஸ் இல்லையே அண்ணே. காசு குடுத்துத்தானே ஏறுறோம்?"

"நீ குதிர ஏறியிருக்கியா?"

இல்லை. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மகள் இணையத்தில் இடம் பிடித்து, பத்துச் சவாரிக்குச் சேர்த்து எண்ணூறு வெள்ளிப் பணமும் கட்டிவிட்டாள். நாள் நெருங்க நெருங்க எடை அசையவில்லை, எண்பத்தைந்திலேயே நின்றது. தின்னக்கூடாத அரிசியைத் தினமும் கையில் சுமந்துகொண்டு ஒருவர் தராசைத் திட்டுவதை நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் வந்தது, சர்க்கரைப் பொங்கலை அவர் நாக்கில்கூட வைக்கவில்லை.

லாயத்தின் தொலைபேசி எண் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. சேணம் சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். மூன்று முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். குதிரை லாயம் என்றால் பெரிய இடம், ஆங்கிலத்தில் பேசுவார்கள், நான் தப்பும் தவறுமாக உளறுவேன், சிரிப்பார்கள் என்று பயம். அந்தப் பக்கம் போனை எடுப்பது யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிறகு மழைக்கோட்டு வந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் மஞ்சள் நிற மழைக்கோட்டை உடம்பில் மாட்டி, கழுத்துவரை பித்தானைப் போட்டுக்கொண்டு, காலை பத்து மணி வெயிலில் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நாள் முழுவதற்கும் ஒரு கோப்பைத் தண்ணீர். இருபத்திரண்டு வயதில் இரண்டு நாள் செய்ததை ஐம்பத்தொன்பது வயதில் மூன்று வாரம் செய்தார். தைப்பூச நேரம் வேறு, மலை முழுக்க விரதக்காரர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் இவரும் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். குதிரைக்காகப் பட்டினி என்றால் சிரித்தவர்கள், முருகனுக்காக என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். படியோரத்தில் ஓர் அம்மா குவளையை நீட்டினார்.

"குடிங்க சாமி, ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு."

"விரதம்லா" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

"யப்பா, என்ன வைராக்கியம்!" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அது விரதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, இந்த மனுசனுக்கு இனிப்பு நீர் என்று அங்கேயே கத்தியிருக்கவேண்டும். நான்கு பேருக்கு முன்னால் அண்ணனை அவமானப்படுத்தக்கூடாது என்று நல்ல பிள்ளையாக நின்றேன். இரவெல்லாம் நான் எதற்குப் பயந்தேன் தெரியுமா? குதிரை அவரைக் கீழே தள்ளிவிடும், கழுத்து முறிந்துவிடும் என்று. தண்ணீரைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பயப்படவில்லை. ஆயுள் முழுக்கப் பயந்தவளுக்குச் சரியான இடத்தில் பயப்படத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாயத்துக்குள் நுழைந்ததும் யாரும் கேட்காமலே சுவரில் மாட்டியிருந்த சேணம் ஒன்றை எடுத்துக்கொண்டு தராசில் ஏறினார். முள் எண்பத்து நான்கைத் தாண்டி நின்றது. வெற்றி பெற்ற முகத்தோடு நிமிர்ந்தார். முன்மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், சேடல எதுக்குத் தூக்கிட்டு நிக்கிறீங்க? கீழ வைங்க லா."

தமிழ்ப் பெண். நான் பயந்து பயந்து வைத்த தொலைபேசியை எடுத்திருக்கவேண்டியவள்.

"சேடலோட சேத்துத்தானே எம்பத்தஞ்சு?" என்றார் அண்ணன்.

"இல்ல அங்கிள், ஆளு மட்டும்தான். சேடல்லாம் கணக்கு இல்ல."

அவர் சேணத்தைக் கீழே வைத்தார். முள் எழுபத்தேழில் போய் நின்றது. "வாவ், சூப்பர் ஃபிட் அங்கிள்!" என்று அவள் கை தட்டினாள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உதடு காய்ந்த அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அப்ப பொங்கலுக்கு முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார்.

"இன்னைக்கு வேணாம் அண்ணே, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அப்பா, அத்தை சொல்றதக் கேளுங்கப்பா" என்றாள் மகள்.

கேட்கவில்லை. மலாய்க்காரர் குதிரையருகே படிக்கட்டை நகர்த்தி வைத்தார். இவர் அதைத் தொடாமல், கால்வளையத்தில் இடது காலை வைத்து ஒரே எழும்பில் மேலே போய் உட்கார்ந்தார். முப்பத்தேழு வருடம் குதிரை ஏறாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதுகு கம்பி போல நிமிர்ந்தது, குதிகால் தாழ்ந்தது, கடிவாளத்தைப் பிடித்த கை குழந்தையின் விரலைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. மலாய்க்காரர் கயிற்றைத் தானாகவே விட்டுவிட்டார். இரண்டு சுற்று. அந்த இரண்டு சுற்றும் நான் பயப்பட மறந்துபோனேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூன்றாவது சுற்றின் பாதியில் குதிரையை நிறுத்தி, முறைப்படி இறங்கி, அதன் கழுத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு முழங்கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். குதிரை அவரைத் தள்ளவில்லை. தலையைத் தாழ்த்தி அவரை முகர்ந்துகொண்டு, மிதிக்காமல் நின்றது.

"எத்தன நாளா தண்ணி குடிக்கல?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். இனிப்பு நீரால் முன்பே பாதி பழுதாகியிருந்த சிறுநீரகம், மீதியும் போய்விட்டது என்றார்கள். பழுது தேடியே சம்பளம் வாங்கியவளின் வீட்டில் அந்தப் பழுது மட்டும் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

இப்போது வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். போனதும் ஒரு முறை நிறுக்கிறார்கள், முடிந்ததும் ஒரு முறை. சேணத்தைக் கேட்பவர் யாரும் அங்கே இல்லை. நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு, நான் புட்டியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கேலி செய்த அதே மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "அப்பவே சொன்னேன்ல, இந்த வயசுல குதிர எதுக்குன்னு" என்றான். இனிப்பு நீர்க்காரனுக்குப் பழம், அதுவும் டயாலிசிஸ்காரனுக்கு ஆகவே ஆகாத ஆரஞ்சு! பையை அவன் கையிலேயே திணித்தேன். "அவருக்குக் கெடுதல் பண்ணது குதிர இல்ல, வெளிய போ" என்றேன். முதல் முறையாக ஓர் ஆண்பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னேன். பயமாகவே இல்லை.

அண்ணன்மேலும் கோபம்தான். மத்தியான வேளையில் தண்ணீருக்காக என்னோடு சண்டை பிடிக்கிறார். "அரக் கப்பு லா. அந்தம்மா கும்பிட்டுக் குடுத்தா, வேணாம்ட்டேன். இப்ப நான் கும்பிடுறேன், நீ குடுக்க மாட்டேங்கிற" என்கிறார். சிரிக்கவும் முடியவில்லை, அடிக்கவும் முடியவில்லை. எப்போதோ, யாரோ ஒருவன் ஒன்றரைக் கிலோவுக்காகச் சொன்ன வார்த்தையை இத்தனை வருடம் வயிற்றில் வைத்திருந்து, ஏழு கிலோவாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார், கேட்காதவர்களிடம்.

போன வாரம் நான் லாயத்தின் எண்ணை அழுத்தினேன். இந்த முறை வைக்கவில்லை. அதே பெண்தான் எடுத்தாள். யார் என்று சொன்னதும் பதறினாள். உங்கள் லாயத்து அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒரு வரி எழுதிப் போடு, சேணம் இல்லாமல் எண்பத்தைந்து என்று பெரிய எழுத்தில், தமிழிலும் எழுது என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"எழுதிடுறேன் ஆண்டி" என்றாள். பிறகு, "அங்கிளுக்கு இன்னும் ஒம்பது ரைடு இருக்கு ஆண்டி. காசத் திருப்பித் தரச் சொல்லட்டுமா?" என்றாள்.

கைப்பேசியில் அவள் குரல் கேட்டு, அண்ணன் நாற்காலியிலிருந்து கையை ஆட்டினார். "வாங்காத. வாங்கிட்டா நம்ம பேர அழிச்சுடுவாங்க."

அந்தத் தராசு இன்னும் குளியலறை வாசலில்தான் இருக்கிறது. உடம்பில் நீர் கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் ஏறுகிறார், வெறுங்கையோடு. பையில் இருந்த அரிசியை நான் ஆக்கித் தீர்த்துவிட்டேன். ஏறும்போது இப்போதும் அவருடைய முழங்கை இரண்டும் லேசாக மடங்குகின்றன. கையைத் தொங்கப் போடுங்கள் என்று நான் சொல்வதில்லை. அந்தப் பெண்ணிடமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெயர் அங்கேயே இருக்கட்டும், பணமும் அங்கேயே இருக்கட்டும். ஒரு சவாரி எண்பது வெள்ளி. ஒன்பது சவாரிக்கு அவர்கள் என் அண்ணனுக்குத் தரவேண்டியது, எழுநூற்று இருபது வெள்ளி.