என் கண்களை மூடிய கை

சென்ற வருட மழைக்காலத்தில், லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு பிற்பகல் நடந்தது இது. நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் ஏறி வந்த முச்சக்கரவண்டி வளைவில் சறுக்கித் தேயிலைக்குள் உருண்டது. ஓட்டிவந்தவருக்குச் சிராய்ப்புதான். என் வலது கால் முறிந்து, பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

ஆம்புலன்ஸில் இளம் டாக்டர் ஒருவர் வந்தார். விபத்து நடந்த இடத்திலேயே வலியைக் குறைக்கும் சிகிச்சைமுறையில், பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுபவர் என்பது பின்னால் தெரிந்தது. யாழ்ப்பாணப் பேச்சு.

“அக்கா, காலை நேராக்க வேணும். நோவுக்கு ஊசி போடுறன்.”

அவ்வளவுதான் சொன்னார்.

ஊசி ஏறியதும் வலி போயிற்று. காலும் போயிற்று. பிறகு உடம்பே இல்லை. மூடுபனிக்குள் மேலே மிதந்தபடி, கீழே நீலச் சேலை கட்டிய ஒருத்தி கண்களைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்த்தேன். அது நான்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

டாக்டர் குனிந்து காலுக்கு மட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து என் தலைமாட்டில் நின்றார்கள்.

“கண்ணு இமைக்கவே இல்லையே.”

“டீச்சரு போயிட்டாங்கடி. தெறந்தபடியே வெறச்சிரும், மூடிவிடு.”

ஈரக் கை ஒன்று என் இமைகளை இழுத்து மூடியது. விரல்களில் பச்சைத் தேயிலை மணம். இன்னொருத்தி தலைத்துண்டை அவிழ்த்து, இறந்தவர்களுக்குக் கட்டுவதுபோல் என் தாடையைச் சேர்த்துக் கட்டினாள். செபமாலை தொடங்கியது. நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாய் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. சரி, சாவு இதுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். பயம்கூட வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

செபம் கேட்டு டாக்டர் நிமிர்ந்தார்.

“துண்டை அவிட்டுவிடுங்கோ! அவ மூச்சு விட வேணும். அவ சாகேல்லை, இந்த மருந்து அப்பிடித்தான் செய்யும்.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க டாக்டரய்யா?” என்றாள் கண்ணை மூடியவள்.

அவரே துண்டை அவிழ்த்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தார்.

“அக்கா, நீங்கள் உயிரோட இருக்கிறியள். நான் பக்கத்தில இருக்கிறன்.”

ஆஸ்பத்திரி வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன்.

கால் தேறியதும், தங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசும்படி அவரே அழைத்தார். ஊன்றுகோலுடன் போய், நடந்ததை டாக்டர்களிடம் வரிசையாகச் சொன்னேன். இப்போது அவர்கள் ஊசி போடுமுன், என்னவெல்லாம் தோன்றும், அது எப்படித் தீரும் என்று அடிபட்டவருக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறார்களாம்.

ஆனாலும் பனி இறங்கிய காலைகளில் விழிப்பு வந்ததும் நான் கண்ணைத் திறப்பதில்லை. வீட்டில் யாராவது என்னைக் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறேன்.