ஐம்பத்தாறாவது நிமிடம்

நோவோசிபிர்ஸ்க் விஞ்ஞான நகரில் பனிக்கும் பஞ்சமில்லை, மேதைகளுக்கும் பஞ்சமில்லை. ஃபைனா மத்வேயெவ்னா மேதை அல்ல. இருபது வயதில் எலக்ட்ரான்களைச் சுற்றவிடும் ஆராய்ச்சி வளையத்தின் காந்தங்களுக்குச் செம்புக் கம்பி சுற்ற வந்தாள். பிறகு கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. "நானா, வளையமா?" என்று கேட்ட புருஷன் லெனின்கிராடுக்கு ரயிலேறிப் போனான். அவள் வழியனுப்பக்கூடப் போகவில்லை, அன்றைக்கு மேசையில் அவளுக்கு வேலைமுறை.

மார்ச் மாத வெள்ளிக்கிழமை, மாஸ்கோவிலிருந்து ஆய்வுக் குழு வந்து இறங்கியது. உள்ளே சுற்றும் எலக்ட்ரான் கற்றை ஒரு மணி நேரம் நிலைத்தால் வளையம் பிழைக்கும். இல்லையென்றால் பிரித்துப் போடுவார்கள். கற்றையோ ஏழு நிமிடம்கூடத் தாங்கவில்லை. தலைமுடி அளவு விலகிய துகள், லட்சம் சுற்றுக்குப் பிறகு எங்கே போகும் என்று கடவுளுக்கே தெரியாது. சுவரில் மோதிச் செத்துவிடும்.

அதை அடக்கத்தான் ஆறுமுனைக் காந்தங்கள். காலை முழுக்க ஃபைனா அவற்றின் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போனாள். ஏற்ற ஏற்றக் கற்றை இன்னும் வெறிபிடித்து ஆடியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மணி, கழுத்தைப் பிடிச்சா அது திமிறத்தான் செய்யும்," என்றார் இயற்பியலாளர் ராதி க்ளிமோவிச். "கொஞ்சம் விட்டுப் பிடியுங்க."

"உங்க சமன்பாடு சொல்லுதா?"

"சமன்பாடும் சொல்லுது, மூணு தடவை கல்யாணம் பண்ணுன அனுபவமும் சொல்லுது."

வேறு வழியில்லாமல் இறக்கினாள். கால்வாசி குறைத்ததும் கற்றை அடங்கியது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரும் தேநீரைத் தொடவில்லை.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில், கற்றையின் அளவைக் காட்டும் முள் கொஞ்சம் வேகமாகச் சரிவதுபோல் ஃபைனாவுக்குப் பட்டது. காந்தங்களைக் குளிர்விக்கும் குளிர்நீர் சூடேறும் மத்தியானங்களில் அப்படித்தான் ஆகும். அந்த வேகத்தில் சரிந்தாலும் கற்றை இன்னும் அரைமணி தாங்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் சரிவதைக் கண்டால் சரிசெய்வது அவள் ரத்தத்தில் ஊறியது. குவிக்கும் காந்தத்தின் குமிழை ஒரு நூல் அளவு திருப்பினாள்.

முள் சுழியத்தில் போய் விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

ராதி முந்திக்கொண்டார். "குளிர்நீர்ல ஏதோ கோளாறு. இன்னொரு வாய்ப்பு குடுங்க, மறுபடி ஏத்திக் காட்டுறோம்."

தலைவர் ஃபைனாவைப் பார்த்தார். "அப்படியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வளையத்துக்கு இன்னொரு நாள் கிடைத்திருக்கும். ஆனால் குறிப்பேட்டில் இத்தனை வருடத்தில் ஒரு பொய்கூட அவள் எழுதியதில்லை.

"தண்ணி இல்லீங்க. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றாள். "நான்தான் தொட்டுட்டேன்."

தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.